பச்சை டிக் வர ஒரு நொடி

குறை கண்டுபிடிப்பது என் தொழில். மற்றவர்கள் எழுதிய செயலியைக் கையில் வாங்கி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, இது ஓடவில்லை, அது ஒட்டவில்லை என்று பட்டியல் போட்டுக் கொடுப்பேன். அதற்குச் சம்பளமும் தருகிறார்கள். வீட்டில் சம்பளம் வாங்காமலே அதைச் செய்கிறேன் என்பாள் என் மனைவி. பதினாலு வருஷப் பழக்கம், அவ்வளவு சுலபத்தில் விடுமா? அப்படிப்பட்ட நான் ஒருவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால், அவர் லேசுப்பட்டவர் இல்லை என்று நீங்களே புரிந்துகொள்ளலாம்.

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு 'ரிசப்ஷன் அக்கா' என்று பெயர். வைத்தது நான். நாற்பது வயதில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரிடம், "இதுக்கு முன்னாடி எந்தக் கம்பெனில இருந்தீங்க?" என்று கேட்டேன். "பல் ஆஸ்பத்திரில. ரிசப்ஷன்ல உக்காந்திருந்தேன், பதினோரு வருஷம்," என்றார், கொஞ்சமும் கூச்சப்படாமல். அன்று மதியத்துக்குள் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. கிண்டலுக்கு வைத்ததுதான், பொய் சொல்வானேன்.

அந்தப் பல் ஆஸ்பத்திரியில் இரண்டு தொலைபேசி, ஒரு வாசல், ஒரே ஒரு அக்கா. ஒருவர் பல்லைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருவார், அதே நேரம் இரண்டு போனும் அடிக்கும். அக்கா யாரையும் நிறுத்தி வைக்க மாட்டார். ஒருவர் பேசப் பேசவே துண்டுச்சீட்டில் எழுதி, "நீங்க உக்காருங்க, நான் கூப்பிடறேன்," என்று சொல்லிவிட்டு அடுத்த போனை எடுப்பார். டாக்டரின் நாட்குறிப்பு உள்ளறையில் இருக்கும். நாலைந்து சீட்டு சேர்ந்ததும் எழுந்துபோய் அதில் ஏற்றிவிட்டு வருவார். யாரும் காத்திருக்கவில்லை, எதுவும் விட்டுப்போகவில்லை. ஒரு தடவை தவிர.

அந்த ஒரு தடவை, போனில் பேசிய ஒரு பெரியவரிடம், "எழுதியாச்சு ஐயா, நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க," என்று சொல்லிவிட்டார். எழுதியது சீட்டில். சீட்டு உள்ளே போவதற்குள் வாயில் ரத்தத்தோடு ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்த அமளியில் சீட்டு டீ கிளாஸின் அடியில் ஒட்டிக்கொண்டு கிளாஸோடு போய்விட்டது. மறுநாள் டாக்டர் விடுமுறை என்பது உள்ளே நாட்குறிப்பில்தான் இருந்தது. பெரியவர் இரண்டு பஸ் மாறி, கன்னம் பலாப்பழமாக வீங்கி வந்து நின்றார். வாயைத் திறந்து திட்டக்கூட அவரால் முடியவில்லை. நீதானே சொன்னாய் என்பதுபோல் அக்காவை நோக்கி விரலை மட்டும் நீட்டினாராம்.

"திட்டியிருந்தா மறந்திருப்பேன் தம்பி. அந்த விரல்தான் இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது," என்று அக்கா ஒரு நாள் சொன்னார்.

அதற்குப் பிறகு உள்ளே நாட்குறிப்பில் ஏறாத எதையும் அவர் "எழுதியாச்சு" என்று சொன்னதில்லை. "உள்ள எழுதினதும் நானே கூப்பிட்டுச் சொல்றேன்," என்பார். சொன்னபடி கூப்பிடுவார்.

இந்தத் துறைக்கு அவர் வந்ததும் ஒரு கோபத்தில்தான். ஆஸ்பத்திரியில் நாட்குறிப்புக்குப் பதிலாகக் கணினி வைத்தார்கள். ஒரு நோயாளியின் விவரத்தை எடுக்கச் சொன்னால் திரை அப்படியே உறைந்து நிற்கும். அது வரும்வரை வேறு எதையும் தொட முடியாது. கணினியைச் சரிபார்க்க வந்தவரிடம், "ஒருத்தர் விவரம் வரதுக்கு எதுக்கு மொத்தக் கடையும் மூடணும்?" என்று அக்கா கேட்டிருக்கிறார். அவர், "அது அப்படித்தாம்மா," என்றாராம். அக்காவுக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. அந்த வாரமே மாலை வகுப்பில் போய்ச் சேர்ந்தார். கணவர் லிஃப்ட் மெக்கானிக். மூன்று வருஷம் ராத்திரிச் சமையல் அவர் பொறுப்பு. "அத சாப்பிட்டும் நானும் என் பையனும் உயிரோட இருக்கோம் பாரு," என்று அக்கா சொல்லும்போது பக்கத்தில் அவர் இருந்தால் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார். நல்ல மனுஷன்.

இனி வேலைக்கு வருகிறேன். நாங்கள் செய்வது குரலைச் சேமித்துவைக்கும் செயலி. தொண்டையில் நோய் வந்து குரலை இழக்கப்போகிறவர்கள், குரல் இருக்கும்போதே தினமும் பேசுகிற வாக்கியங்களைப் போனில் பதிந்துவைப்பார்கள். பிறகு தேவையான வாக்கியத்தைத் தொட்டால் அவர்கள் குரலிலேயே போன் பேசும்.

அக்கா சேரும்போது அந்தச் செயலி பழைய ஆஸ்பத்திரிக் கணினியைப் போலத்தான் இருந்தது. பேசி முடிக்கும்வரை மொத்தக் குரலையும் நினைவில் வைத்துக்கொண்டிருக்கும். முடித்ததும் ஒரே மூச்சில் கோப்பில் எழுதும். எழுதுகிற நேரத்தில் திரை கல்லாகிவிடும். பொத்தானை நாலு தடவை அழுத்துவார்கள். பதில் வராது. செயலி செத்துவிட்டது என்று போனே முடிவுசெய்து அதை மூடிவிடும். பேசியது போச்சு.

"வாசல்ல உக்காந்திருக்கறவளையே உள்ள எழுதவும் அனுப்பினா, வாசல்ல யாரு இருப்பா?" என்றார் அக்கா. திரையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள், ஒலிவாங்கியில் வருவதை வாங்க ஒரு ஆள், அதைக் கோப்பில் கொண்டுபோய் எழுத இன்னொரு ஆள் என்று நிரலில் வேலையைப் பிரித்தார். வாங்குகிறவர் வர வரத் துண்டு துண்டாக ஒரு தட்டில் வைப்பார். எழுதுகிறவர் தட்டிலிருந்து எடுத்து எழுதிக்கொண்டே இருப்பார். யாரும் யாருக்காகவும் கைகட்டி நிற்பதில்லை. அசிங்க்ரனஸ் என்று எங்கள் தொழிலில் இதற்குப் பெயர். பெயர் எல்லாருக்கும் தெரியும். தட்டு நிறைந்துவிட்டால் என்ன செய்வது என்று உட்கார்ந்து யோசித்தவர் அக்கா ஒருவர்தான். அதற்கே ஒரு வாரம் எடுத்தார். அலுவலகத்திலேயே பழசான, கண்ணாடி விரிசல் விட்ட ஒரு போனை வைத்துக்கொண்டு, அதில் ஓடினால்தான் ஆயிற்று என்று மல்லுக்கட்டினார்.

ஒவ்வொரு துண்டின் தலையிலும் அது எத்தனையாவது துண்டு, எவ்வளவு நீளம் என்று எழுதிவைத்தார். யாரும் அவரை அதெல்லாம் கேட்கவில்லை.

"எதுக்குக்கா இவ்ளோ மெனக்கெடறீங்க?" என்று கேட்டேன்.

"பாதில யாராவது கதவ சாத்திட்டா, எது வரைக்கும் வந்துச்சுன்னு தெரிய வேணாமா?"

ஒரு வார வேலைக்கு மூன்று வாரம் ஆனது. மேனேஜர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனால் செயலி அதற்குப் பிறகு ஒரு தடவைகூட உறையவில்லை. எனக்குக் குறை சொல்ல ஒன்றுமே அகப்படவில்லை. இது எனக்குப் பொறுக்குமா? தேடித் தேடி ஒன்றைப் பிடித்தேன்.

பேசி முடித்துப் பொத்தானை அழுத்தியதும் 'சேமிக்கப்பட்டது' என்று ஒரு பச்சை டிக் வர வேண்டும். அக்காவின் செயலியில் அது வர ஒரு நொடி ஆனது. கடைசித் துண்டும் கோப்பில் ஏறி, கோப்பை மூடி, பட்டியலில் பெயர் எழுதிய பிறகுதான் டிக் போட வேண்டும் என்பது அவர் கட்டளை. 'டிக் வர ஒரு நொடி தாமதம். பயனர் எரிச்சலடைவார்' என்று குறைப் பட்டியலில் போட்டேன். 'தாமதம் இல்லை. வேலை நடக்கிறது' என்று எழுதி அக்கா அதை மூடினார். மறுபடி திறந்தேன். மறுபடி மூடினார். மூன்றாவது தடவை விஷயம் மேனேஜரிடம் போனது.

"ஒரு நொடில என்னக்கா ஆயிடப்போகுது?" என்றார் மேனேஜர். "பொத்தான அழுத்தின உடனே டிக்க காட்டுங்க. எழுதறது பின்னாடி பாட்டுக்கு நடக்கட்டும்."

"எழுதறதுக்கு முன்னாடி எழுதியாச்சுன்னு சொல்லச் சொல்றீங்க சார்."

"எப்படியும் எழுதத்தானே போறோம்?"

நான் சிரித்தேன். நன்றாக நினைவிருக்கிறது, சத்தமாகவே சிரித்தேன். அக்கா மறுத்துவிட்டதால் அந்த மாற்றத்தை மேனேஜரே செய்தார். அடுத்த வாரம் அது எல்லோருடைய போனுக்கும் போய்விட்டது. அக்கா என்னிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டார் என்று சொல்ல முடியாது. வழக்கம்போலத்தான் இருந்தார். அது இன்னும் மோசமாக இருந்தது.

ஒரு மாதம் போயிற்று. ஒரு புதன்கிழமை, காலை பதினோரு மணி. வாடிக்கையாளர் அழைப்பை எடுப்பவர் லீவு, அவருடைய ஹெட்செட் என் தலையில். ஒரு பெண் பேசினார். கணவர் நீச்சல் மாஸ்டராம். தொண்டையில் கட்டி. மறுநாள் காலை அறுவை சிகிச்சை, குரல்வளையையே எடுத்துவிடுவார்கள்.

"தண்ணி வேணும், வலிக்குது, அந்த மாதிரி முதல்ல பதிஞ்சதெல்லாம் இருக்கு சார். அப்புறமா எங்க பொண்ணுக்காகன்னு அவரே நினைச்சு நினைச்சுப் பேசி வெச்சாரு. அறுபத்தொண்ணு. எல்லாத்துக்கும் டிக் வந்துச்சு. இன்னிக்குத்தான் கேக்கலாம்னு பட்டியலத் திறந்தேன், அதுல ஒண்ணுகூடக் காணோம்."

"அறுபத்தொண்ணும் காணோமா? மறுபடி பேச முடியுமாம்மா?" என்றேன்.

"ஞாயித்துக்கிழமையோட குரல் போயிடுச்சு சார். காத்துதான் வருது."

என்ன கேட்டாலும் வாய் பழக்கத்துக்குத்தானே போகும். எங்கள் தொழிலில் எந்தப் புகாருக்கும் முதலில் சொல்கிற மருந்து ஒன்று உண்டு. செயலியை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுப் பாருங்கள் என்போம். "அம்மா, ஒண்ணு பண்ணுங்க, ஆப்ப அழிச்சு" என்பது வரை சொல்லிவிட்டேன். பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு கை வந்து ஹெட்செட்டை என் தலையிலிருந்து உருவியது.

"அம்மா, இப்ப சொன்னத செய்யாதீங்க," என்றார் அக்கா. "எதையும் அழிக்க வேணாம், அந்த ஆப்ப தொடவே வேணாம். சார்ஜ்ல போட்டுட்டு எங்க இருக்கீங்கன்னு சொல்லுங்க. நாங்க அங்க வரோம்."

நாங்கள் என்றால் அவரும் நானும். அவருடைய ஸ்கூட்டரில், மடியில் இரண்டு லேப்டாப்பை வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து போனேன்.

இரண்டாம் மாடியில் இரண்டு கட்டில் போட்ட அறை. மற்றக் கட்டில் காலி. ஜன்னலோரம் மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். கதவளவு தோள். அந்த உடம்பில் குரல் இல்லை என்று நம்ப முடியவில்லை. கையில் கோடு போட்ட நோட்டு, அதில்தான் பேச்சு. மனைவி போனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார்.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தார். "மாஸ்டர், ஒவ்வொரு தடவையும் பேசி முடிச்சதும் என்ன பண்ணுவீங்க?"

'டிக் வரும். மூடுவேன்' என்று எழுதினார். எழுதியது போதாதென்று கட்டைவிரலால் செய்தும் காட்டினார். திரையில் இருப்பதை மேலே தள்ளிச் செயலியை அடியோடு மூடுகிற சைகை. எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கிற மனிதர். விளக்கை அணைப்பதுபோல் உடனுக்குடன் மூடியிருக்கிறார். டிக் வந்த பிறகுதான். அறுபத்தொரு தடவையும்.

கடைசித் துண்டு கோப்பில் ஏறுவதற்குள், பட்டியலில் பெயர் எழுதுவதற்குள், கதவு சாத்தப்பட்டிருக்கிறது. முன்பு டிக் வரும்வரை பொறுத்திருந்தார், எல்லாம் பதிந்தது. பொறுக்க வேண்டாம் என்று அவருக்குச் சொன்னது நான்.

"அக்கா, இது என் தப்பு," என்றேன்.

"அத அப்புறம் பேசிக்கலாம். கேபிள எடு."

செயலிக்குள் போக எங்களைப் போன்றவர்களுக்கென்று ஒரு பின்வாசல் உண்டு. மாஸ்டர் திரையில் 'அனுமதி' என்பதைத் தொட்டார், உள்ளே போனோம். பெயர் ஏறாத கோப்புகள் ஒரு மூலையில் கிடந்தன. எண்ணினேன், அறுபத்தொன்று. பட்டியலில் இல்லாததால் செயலியின் கண்ணுக்கு அவை தெரியவில்லை, அவ்வளவுதான். நான் சொன்னதைக் கேட்டு அந்த அம்மா செயலியை அழித்திருந்தால் அவையும் கூடவே போயிருக்கும்.

"கிடைச்சிடுச்சாம்மா?" என்று மனைவி கேட்டார்.

ஆமாம் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அக்கா என் காலை மிதித்தார்.

"கைக்கு வந்ததும் சொல்றேம்மா. நீங்க உக்காருங்க."

முதலில் எல்லாவற்றையும் தன் லேப்டாப்பில் ஒரு பிரதி எடுத்தார். என்னுடையதில் இன்னொரு பிரதி. அதுவரை எதிலும் கைவைக்கவில்லை. பிறகு மாத்திரை வைக்கிற சின்ன மேஜையில் லேப்டாப்பை வைத்து எழுத ஆரம்பித்தார். துண்டின் தலையைப் படி, நீளம் சரியா பார், சரியென்றால் எடுத்து வை, அடுத்ததற்குப் போ. யாரும் கேட்காமல் அவர் அன்று எழுதிவைத்த எண்களும் நீளங்களும்தான் இப்போது வழி காட்டின. அவை இல்லாவிட்டால் அது வெறும் இரைச்சல் குப்பை, எந்தக் கொம்பனாலும் பிரித்திருக்க முடியாது. ஒன்றரை மணி நேரம். நர்ஸ் இரண்டு தடவை வந்து ரத்த அழுத்தம் பார்த்தார். இரண்டாவது தடவை மாஸ்டருக்குக் கொஞ்சம் ஏறியிருந்தது.

"அம்மா, இப்ப கேளுங்க," என்றார் அக்கா.

லேப்டாப்பிலிருந்து அறையே அதிரும்படி ஒரு குரல் வந்தது. "ஏய் தவளை, ஈரக் காலோட உள்ள வராதன்னு எத்தனை தடவ சொல்றது?"

மனைவி வாயைக் கையால் பொத்திக்கொண்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அடுத்தது, "தவளை, பல்லு தேச்சியா, இல்ல பிரஷ மட்டும் நனைச்சியா?" அதற்கடுத்தது, "அம்மாகிட்ட சண்ட போட்டா என்கிட்ட வந்து நிக்காத. சரி, வா." அந்த மனிதர் தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். தோள் மட்டும் குலுங்கியது. நான் கழிவறைக்குப் போவதுபோல் வெளியே போய் வராந்தாவில் நின்றேன்.

அறுபது முழுசாக வந்தன. பேசி முடித்து ஒரு மூச்சு விட்டுப் பொத்தானைத் தொடுகிற பழக்கம் அவருக்கு இருந்ததால், தொலைந்த கடைசித் துண்டுகளில் அந்த மூச்சு மட்டும்தான் இருந்திருக்கிறது. ஒன்று மட்டும் குறை. நாற்பத்துநாலாவது. பின்னால் தண்ணீர்ச் சத்தம். "தவளை, ரெடியா? ஒண்ணு, ரெண்டு," அதோடு நின்றுவிட்டது.

"மூணுன்னு சொன்னீங்களா மாஸ்டர்?" என்று அக்கா கேட்டார்.

'சொன்னேன்' என்று எழுதினார். 'சொன்ன கையோடு மூடினேன். குளத்தில் குதிப்பாள், அவளைப் பிடிக்கணும்.'

அக்கா கோப்பின் கடைசி எழுத்து வரை போய்ப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். அது வந்தே சேரவில்லை. "மன்னிச்சிடுங்க. இந்த ஒண்ணு எங்ககிட்ட இல்ல," என்று அவர் முகத்தைப் பார்த்தே சொன்னார். தவறு செய்தவன் நான், மன்னிப்புக் கேட்டது அவர். பிறகு, "'மாத்திர மூணு வேள'ன்னு வேற இடத்துல பேசியிருக்கீங்க. அதுலேர்ந்து மூணு எடுத்து ஒட்டித் தரட்டுமா?" என்று கேட்டார்.

மாஸ்டர் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். பிறகு எழுதி, நோட்டைத் திருப்பிக் காட்டினார். 'வேண்டாம். மூணு அவ சொல்லட்டும்.'

மறுநாள் அறுவை சிகிச்சை நடந்தது. அன்றே மேனேஜரிடம் போய் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் தான் செய்த மாற்றத்தைத் திரையில் திறந்து பார்த்துவிட்டு, "பழையபடி மாத்திடுங்க," என்றார். இதுபோல் பெயர் ஏறாத கோப்புகள் வேறு யார் போனில் இருந்தாலும் தானே தேடி எடுத்துக்கொள்ளும்படி அக்கா செயலியில் ஒரு வழியும் செய்துவைத்தார். என் பழைய புகாரை நானே திறந்து, 'இது குறை அல்ல. என் தவறு' என்று எழுதி மூடினேன். இனி அவரை அந்தப் பெயரால் கூப்பிடுவதில்லை என்று முடிவுசெய்து, அதை அவரிடமே சொன்னேன்.

"ஏன், அந்தப் பேருக்கு என்ன குறைச்சல்?" என்றார். "நான் ரிசப்ஷன்தான். போய் வேலையப் பாரு."

இரண்டு மாதம் கழித்து மாஸ்டர் எங்கள் இருவரையும் நீச்சல் குளத்துக்கு வரச் சொல்லிக் குறுஞ்செய்தி அனுப்பினார். சனிக்கிழமை காலை போனோம். தொண்டையில் வெள்ளைக் கட்டு, கழுத்தில் கயிற்றில் தொங்கும் போன், இடுப்பில் ஒரு சின்ன ஒலிபெருக்கி. குளத்தின் விளிம்பில் கால்விரலை வளைத்துக்கொண்டு ஏழு வயதுப் பெண் ஒருத்தி நின்றாள். முன்பல் ஒன்று விழுந்திருந்தது. தவளை இவள்தான் என்று சொல்லாமலே தெரிந்தது.

மாஸ்டர் போனைத் தொட்டார். "தவளை, ரெடியா? ஒண்ணு, ரெண்டு," என்றது அவர் குரல், குளம் முழுக்கக் கேட்கும்படி.

பிறகு ஒன்றும் கேட்கவில்லை. மாஸ்டர் கையை நீட்டியபடி மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அக்காவும் அவளைத்தான் பார்த்தார். ஒரு நொடிதான் இருக்கும். அந்த ஒரு நொடியைத்தான் நான் மூன்று தடவை புகார் எழுதி வேண்டாம் என்றேன்.

"மூணு!" என்று கத்திக்கொண்டு அவள் குதித்தாள். தண்ணீர் எழும்பி என் மேல் கொட்டியது. சட்டை, கண்ணாடி, செருப்பு எல்லாம் நனைந்து நின்றேன். எனக்கு ஒரு குறையும் சொல்லத் தோன்றவில்லை.